மரம் விற்கவும் தேவாங்கு தங்கவும்: குடும்பத் தோப்பைப் பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் பக்கம், மலையடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஆறு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கிய பிறகு அப்பா நிலக்கடலையைக் கைவிட்டு, 1996இல் நான்கு ஏக்கரில் தேக்கு நட்டார். 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி. ஏக்கருக்கு ஆயிரம் கன்று. மீதி இரண்டு ஏக்கர் பாறையும் முள்ளுமான கரடு. அதை அவர் தொடவில்லை. தேக்கை நட்டாரே தவிர, கலைத்துவிடவில்லை, அதாவது நெருக்கம் குறைய இடையிடையே மரங்களை வெட்டி எடுக்கவில்லை. தண்ணீர் சுமந்து வளர்த்த மரத்தில் கோடரி வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

அவர் காலமான பிறகு, 2011இல் ஒரு மர வியாபாரி வீடு தேடி வந்தார். “கொஞ்சம் கலைத்துவிட்டால் மிச்சம் நிற்பது பெருக்கும்” என்றார். அவர் சொன்னது சரியான பேச்சு. எந்தெந்த மரத்தை என்று கேட்காமல் முன்பணத்தை வாங்கிக்கொண்டது எங்கள் தவறு. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், நேராக நெடுநெடுவென்று நின்றவையெல்லாம் லாரியில் ஏறியிருந்தன. கோணலும் கவட்டையும் சொத்தையும் எங்களுக்கு மிஞ்சின. கிளையோடு கிளை கோத்துக் கிடந்த கிழக்கோரம் மொட்டையாகத் திறந்துகிடந்தது. இருட்டியதும் அங்கிருந்து கேட்கும் தேவாங்கின், அந்தப் பெரிய கண்ணுள்ள சின்ன இரவு விலங்கின், மெல்லிய விசில் அந்த ஆண்டு முழுக்கக் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து அந்தத் தவறைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறோம். அதில் கற்றதை இங்கே எழுதுகிறேன். மரத்துக்கு ஒரு திட்டம், விலங்குக்கு ஒரு திட்டம் என்று தனித்தனியாகப் போட்டால் இரண்டும் ஏட்டோடு நின்றுவிடும். எந்த மரம் விழ வேண்டும், எது நிற்க வேண்டும் என்று குறிபோட்டு நடக்கும் அந்த ஒரு நடையில்தான் இரண்டும் முடிவாகின்றன. ஆகவே பெயிண்ட் டப்பா எப்போதும் குடும்பத்தார் கையில் இருக்க வேண்டும்.

முதல் படி: ஓராண்டு சும்மா நடங்கள்

தோப்பு கைக்கு வந்ததும் முதலில் தோன்றுவது ஜேசிபியை வரவழைத்துச் ‘சுத்தம்’ செய்யும் ஆசை. அதை அடக்குங்கள். ஒரு மழைக்காலம், ஒரு கோடை என இரண்டையும் பார்த்துவிட்டுக் கைவைக்கலாம்.

எல்லா மரத்தையும் எண்ண வேண்டியதில்லை. 5.64 மீட்டர் நீளத்துக்கு ஒரு கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முளைக்குச்சியில் கட்டி வட்டமாகச் சுற்றினால் உள்ளே அடங்குவது 100 சதுர மீட்டர். வட்டத்துக்குள் நிற்கும் மரங்களை எண்ணி 40ஆல் பெருக்கினால் ஓர் ஏக்கரின் கணக்கு வந்துவிடும். ஏக்கருக்கு நான்கைந்து வட்டம் போதும். ஆனால் நல்ல இடமாகத் தேடிப்பார்த்துப் போடாதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். வட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சுயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், தையற்காரர் டேப்பால் சுற்றளவு எடுத்து நோட்டில் எழுதுங்கள். அதே மரங்களை ஒவ்வொரு தை மாதமும் அளந்தால் தோப்பு வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பது இரண்டு மூன்று ஆண்டில் தெரிந்துவிடும். எங்கள் நோட்டில் சில வட்டங்களில் மூன்று ஆண்டுக்கு ஒரே எண் இருந்தது. மரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றிருக்கின்றன.

அதே நோட்டின் பின்பக்கத்தை விலங்குகளுக்கு ஒதுக்குங்கள். பொந்துள்ள மரம், பருந்துக் கூடு, உடும்பு ஏறிய நகக்கீறல், காட்டுமாட்டுச் சாணம், நாவலும் அத்தியும் பழுக்கும் மாதம். மழை விட்ட ஒரு மாலையில் இருட்டிய பிறகு, நெற்றி விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டு மெதுவாக நடந்து பாருங்கள். தேவாங்கு இருந்தால் இரண்டு கண்கள் தணல் போல மின்னும். பறவை போலப் படபடக்காது. கிளையைப் பிடித்தபடி நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இந்த நடை வேண்டாம். சருகுக்குள் கண்ணாடி விரியன் கிடந்தால் மிதிக்கும் வரை தெரியாது.

இரண்டாம் படி: காகிதம்

அலுப்பான வேலை, ஆனால் இதில் சறுக்கியவர்களே அதிகம். முதலில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் அக்கா, தங்கை உட்பட அனைவரின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும். தேக்கு பெருப்பதற்குள் குடும்பம் இரண்டு தலைமுறை நகர்ந்துவிடும். வாய்ப்பேச்சு அவ்வளவு தூரம் தாங்காது. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்ப் பதிவேட்டில், மரங்களைப் பதிவுசெய்யுங்கள். பிறகு வெட்டும்போது ‘இது உங்கள் நிலத்து மரம்தானா’ என்ற கேள்விக்கு அதுவே பதில்.

தேக்கு லாரி ஏறும் முன் 1968ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். நிலம் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிக்குள் வந்தால் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும், தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டிருந்தால் 1949ஆம் ஆண்டின் சட்டமும் குறுக்கே வரும். இவற்றில் மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் கோடரி வைக்க முடியாது. தோப்பில் தானாக முளைத்த சந்தனம் இருந்தால் அதை எண்ணிப் பதிந்து வையுங்கள். அது வனத்துறை வழியாகத்தான் வெட்டப்பட்டு விற்பனையாகும். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய் வந்தால் எந்தச் சட்டம் நமக்கு என்பது தெளிவாகிவிடும்.

இங்கே ஒரு பயத்தையும் சொல்லிவிட வேண்டும். தேவாங்கு இருக்கிறது என்று வெளியே சொன்னால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று எங்கள் ஊரில் பலரும் வாயைத் திறப்பதில்லை. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தபோது அந்தப் பயம் கூடியது. ஆனால் ஒரு விலங்கு வந்து தங்குவதால் பட்டா உரிமை போய்விடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம்.

மூன்றாம் படி: நிலத்தைப் பிரித்தல்

மண் ஆழமாகவும் வடிகால் நன்றாகவும் உள்ள இடத்தில் தேக்கு இருக்கட்டும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் தேக்கை வைத்துப் போராடாதீர்கள். அங்கே நாவலும் மருதும் வரும். ஓடைக்கரையில் இருபுறமும் பத்துப் பத்து மீட்டர், பாறைக் கரடு, வேலியோரம் இவை மூன்றையும் தொடாக் காடாக விட்டுவிடுங்கள். அங்கே விலைபோகும் தேக்கு அதிகம் வளரப்போவதில்லை, ஆகவே பெரிய இழப்பும் இல்லை. எங்கள் ஊர் அய்யனார் கோயில்காட்டில் விறகு ஒடிக்கக்கூட யாரும் போவதில்லை. அந்தப் பழக்கத்தைச் சொந்த நிலத்தின் ஒரு மூலைக்குக் கொண்டுவருவதாக நினைத்துக்கொண்டால் வீட்டுப் பெரியவர்களும் ஒத்துக்கொள்கிறார்கள்.

தொடாக் காடுகள் தனித்தனித் தீவாக இருக்கக் கூடாது. தேவாங்கு தாவாது. ஒரு கையும் ஒரு காலும் பிடியில் இருந்தால்தான் அடுத்த கிளைக்கு நகரும். கிளை அறுந்த இடத்தில் தரையிறங்கும். தரையில் நாயும் சாலையும் காத்திருக்கின்றன. ஆகவே கரட்டிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து வேலிக்கு என்று கிளை அறாத ஒரு பட்டையை வரைபடத்தில் பச்சைக் கோடாகப் போடுங்கள். அடுத்த படியில் அந்தக் கோடுதான் வழிகாட்டும்.

நான்காம் படி: கலைத்தல்

இதுதான் முக்கியமான வேலை. ஏக்கருக்கு ஆயிரம் நட்டது ஆயிரத்தையும் வளர்க்க அல்ல. நெருக்கமாக நட்டால் கன்றுகள் ஒளிக்குப் போட்டியிட்டு நேராக உயரும். உயர்ந்த பிறகு இடம்விட வேண்டும். ஐந்தாம் ஆண்டுவாக்கில் பாதியாக்கி 500, பத்தாம் ஆண்டுவாக்கில் 250, கடைசி வெட்டுக்கு நூறு, நூற்றிருபது என்பது நான் பின்பற்றும் கணக்கு. மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப இது கூடும், குறையும். எப்போது கலைப்பது என்பதற்கு ஆண்டைவிட மரமே நல்ல சாட்சி. மொத்த உயரத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்காவது பச்சைக் கிளை இருக்க வேண்டும். அது சுருங்கி உச்சியில் மட்டும் குடை போல நின்றால் நீங்கள் தாமதித்துவிட்டீர்கள்.

குறிபோட இருமுறை நடக்கிறோம். மாசியில் தேக்கு இலை உதிர்த்து நிற்கும்போது தண்டின் நேர்மை, கவட்டை, சொத்தை எல்லாம் பளிச்சென்று தெரியும். ஐப்பசி மழையில் தழை நிறைந்திருக்கும்போது யார் தலைக்கு மேல் யார் நிற்கிறார்கள் என்பது தெரியும். இரண்டு பேர் போவோம். தம்பி மரத்தடியில் நின்று தண்டைப் பார்ப்பான். நான் பத்தடி தள்ளி நின்று உச்சியைப் பார்ப்பேன். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் பெயிண்ட்.

முதலில் நிறுத்த வேண்டிய மரத்துக்கு வெள்ளை வளையம் போடுங்கள், வெட்ட வேண்டியதற்குப் பிறகு பார்க்கலாம். வரிசை முக்கியம். வெட்டுவதிலிருந்து தொடங்கினால் கை தானாக வேகமெடுத்துவிடும். ஏறத்தாழ ஆறு மீட்டருக்கு ஒன்று என்று, நேரான தண்டும் அகன்ற தலையும் உள்ளதாகத் தேர்ந்து வளையமிடுங்கள். அவைதான் கடைசி வெட்டு வரை நிற்கும் மரங்கள். அடுத்து, ஒவ்வொரு வெள்ளை வளையத்தின் தலையை எந்தப் பக்கத்து மரம் இடிக்கிறது என்று பார்த்து, இடிக்கும் ஒன்றிரண்டுக்கு மட்டும் சிவப்புக் கோடு. இடிக்காத கோணல் மரத்தை வெட்டிப் பயனில்லை. அது கீழே நிழல் தந்து களையை அடக்கிக்கொண்டு நிற்கட்டும்.

மூன்றாவது ஒரு நிறமும் வைத்திருக்கிறோம், மஞ்சள். அது உயிர்களின் மரம். பொந்துள்ளது, பட்டுப்போய் நிற்பது, தேக்குக்கு நடுவில் தானாக வந்த ஆல், இச்சி, வேம்பு எல்லாம் மஞ்சள். ஏக்கருக்கு மூன்று நான்கு பட்ட மரமாவது நிற்கட்டும். பட்ட மரத்தில் மரங்கொத்தியும் செம்மார்புக் குக்குறுவானும் துளையிடும். அவை விட்டுப்போன துளையில் அடுத்த ஆண்டு மைனாவோ கிளியோ புள்ளி ஆந்தையோ குடியேறும். பாதையோரத்திலும் ஆள் நடமாடும் இடத்திலும் மட்டும் பட்ட மரத்தை விடாதீர்கள், காற்றில் முறிந்து ஆளைக் கொல்லும்.

நான்கு ஏக்கரையும் ஒரே ஆண்டில் கலைக்கக் கூடாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். இப்போது மூன்று பட்டைகளாகப் பிரித்து, இரண்டாண்டுக்கு ஒன்றாகச் செய்கிறோம். பச்சைக் கோட்டின் மேல் நிற்கும் மரம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் சிவப்பு விழாது. வெட்டும் அன்று காலை சிவப்பு மரங்களை ஒரு சுற்றுப் பார்ப்பது வழக்கம். பொந்தில் குஞ்சுச் சத்தம் கேட்டால் அந்த மரம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். தேய்பிறையில் வெட்டினால் மரம் உளுக்காது என்பார் எங்கள் மரம்வெட்டி. நான் மறுத்ததில்லை, அதனால் எங்களுக்கு எந்த நட்டமும் இல்லை, அவருக்கும் நாள் குறிக்க வசதி.

பூச்சி தின்னும் பறவைகளால் தேக்குக்கும் ஆதாயம் உண்டு. மழை தொடங்கித் துளிர் விரியும்போது தேக்கில் இலைப்புழு விழும். நிலம்பூரின் இளம் தேக்குத் தோட்டங்களில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் பார்த்தபோது, இந்தப் புழுவால் மர வளர்ச்சியில் ஏறத்தாழ 44 சதவீதம் போவது தெரிந்தது. மைனாவும் கரிச்சானும் வால்காக்கையும் கூட்டமாக வந்து அந்தப் புழுவைத் தின்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அவை புழுவை ஒழித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவை தங்க இடமில்லாத தோப்பில் புழுவுக்கு எதிரியே இல்லை.

ஐந்தாம் படி: கவாத்து

வெள்ளை வளைய மரங்களுக்கு மட்டும் போதும். பக்கக் கிளை கட்டைவிரல் பருமனைத் தாண்டும் முன் எடுத்துவிட்டால் அடிமரத்தின் முதல் பத்தடி கணு இல்லாமல் வரும். விலை அந்தப் பத்தடியில்தான் இருக்கிறது. அரிவாளால் கீழிருந்து கொத்தாதீர்கள், பட்டை உரிந்து தண்டுக்குள் அழுகல் இறங்கும். கவாத்து ரம்பத்தால் முதலில் அடியில் ஒரு கீறல், பிறகு மேலிருந்து அறுப்பு. கிளை தண்டோடு சேரும் இடத்தில் தடித்த வளையம் போன்ற ஒரு மேடு இருக்கும். அதை வெட்டிவிடாமல் அதன் விளிம்போடு அறுங்கள். மழை நாட்களில் வேண்டாம்.

ஆறாம் படி: சருகு, தீ, தண்ணீர்

தோப்பு பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று சருகைக் கூட்டிக் கொளுத்துபவர்கள் இருக்கிறார்கள். தேக்கின் அகன்ற இலையில் மழைத்துளிகள் சேர்ந்து, பெரிய சொட்டாக உயரத்திலிருந்து விழும். வெறும் தரையில் அந்தச் சொட்டு மண்ணைத் தெறிக்கவைத்து, செம்மண்ணை ஓடைக்கு அனுப்பிவிடும். சருகு மெத்தை இருந்தால் அதன் மேல் விழுந்து அடங்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி அந்தச் சருகைக் கிளறித்தான் புழு தேடுகிறது. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை கேட்டால் உங்கள் சருகு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சருகை வைத்திருப்பவருக்குத் தீ பற்றிய பயமும் இருக்க வேண்டும். தை முடிவதற்குள் எல்லையைச் சுற்றி மூன்று மீட்டர் அகலத்துக்குச் சருகும் புல்லும் நீக்கிய தீத்தடுப்புப் பாதை போடுங்கள். கோடை முழுக்க இருவாரத்துக்கு ஒருமுறை பெருக்குங்கள். நீக்கிய சருகை உள்ளே தள்ளிவிட்டால் போதும்.

பண்ணைக்குட்டை வெட்டினால் ஒரு பக்கமாவது மெல்லச் சரிந்த கரை வையுங்கள். பிளாஸ்டிக் விரித்த செங்குத்துக் குட்டையில் இறங்கும் விலங்கு ஏற முடியாமல் செத்துப்போகும். எங்கள் குட்டையில் ஒரு காட்டுப்பூனையைச் செத்து மிதக்கக் கண்ட பிறகு, முடிச்சுப்போட்ட தடித்த கயிறுகளையும் ஒரு சாய்ந்த மரத்துண்டையும் தொங்கவிட்டோம். சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு இருந்தால் அதை முதல் வேலையாக மூடுங்கள்.

ஏழாம் படி: வேலியும் களையும்

கம்பி வேலிக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கும் கிளுவை வேலிக்கு ஆகாது. மழைக்கு முன் நாலைந்தடிப் போத்துகளை, அதாவது வெட்டிய கிளைத்துண்டுகளை, நெருக்கமாக ஊன்றினால் போதும். இரண்டு மூன்று ஆண்டில் ஆடு நுழையாத முள்வேலி. எங்கள் பகுதியில் தேவாங்கு தோப்பு விட்டுத் தோப்பு போகும் பாதையே இந்த வேலிகள்தான். அதில் கோவையும் பிரண்டையும் ஏறினால் பிடுங்காதீர்கள்.

சீமைக்கருவேலத்தை மட்டும் நான் மன்னிப்பதில்லை. தரைமட்டத்தில் வெட்டினால் மூட்டிலிருந்து நாலாகத் துளிர்க்கும். மண்ணைப் பறித்து வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டும். ஆனாலும் ஒரே மூச்சில் வழித்தெடுக்காதீர்கள். அதில் கூடு கட்டியிருக்கும் பறவைக்கு மாற்று வேண்டும். ஒரு பகுதியை எடுத்து, அந்தக் குழியில் காரை, சூரை, இலந்தை, வெள்வேல் நட்டு, அவை தலையெடுத்த பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கள். கன்றுகளுக்கு வேளாண் துறையின் நீடித்த பசுமைப் போர்வைத் திட்டத்தில் உழவன் செயலி வழியாகப் பதியலாம். எந்த ரகம் எந்த மண்ணுக்கு என்ற சந்தேகத்துக்கு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிக்குப் போகலாம்.

எட்டாம் படி: விற்பது

வியாபாரி கயிற்றால் சுற்றளவு எடுத்து, அதை நான்காக மடித்துக் கணக்குப் போடுவார். மடித்த அளவை அதே அளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவது முறை. நடுச்சுற்றளவு 36 அங்குலம், நீளம் 10 அடி என்று வையுங்கள். நான்கில் ஒரு பங்கு 9, 9ஐ 9ஆல் பெருக்கினால் 81, பத்தடிக்கு 810, 144ஆல் வகுத்தால் 5.6 கன அடி. உருளையின் உண்மையான கனம் 7.2 கன அடி. பட்டைக்கும் அறுவைக் கழிவுக்கும் என்று ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக இந்த முறையிலேயே கழிந்துவிடுகிறது. அது ஊரறிந்த வழக்கம், ஏமாற்று ஆகாது. அதன் பிறகும் ‘பட்டைக்குக் கொஞ்சம்’ என்று இரண்டங்குலம் குறைக்கச் சொன்னால் அங்கே நிறுத்துங்கள். 36ஐ 34 ஆக்கினால் 5.6 கன அடி 5 ஆகிவிடும்.

தோப்பு மொத்தமாக இவ்வளவு என்று குத்துமதிப்பாகப் பேசாதீர்கள். சிவப்புக் கோடிட்ட மரங்களுக்கு எண் போட்டு, எண்வாரியாகச் சுற்றளவு எழுதிய பட்டியலை மூன்று பேரிடம் காட்டி விலை கேளுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரி கட்டாயம்: வெள்ளை, மஞ்சள் மரத்தில் கோடரி பட்டால் அபராதம்; மரம் விழுத்தும் திசையைக் குடும்பத்தார் சொல்வார்கள். வெட்டும் நாட்களில் வீட்டில் ஒருவர் தோப்பில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. எழுபது வயதில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விழும் ஒவ்வொரு எண்ணையும் நோட்டில் அடிக்கிறார். அவரைத் தாண்டி இதுவரை ஒரு வெள்ளை வளையமும் போனதில்லை.

லாரி போன பிறகு அடிக்கட்டைகளைத் தோண்டி எடுக்காதீர்கள். அடுத்த மழைக்குத் தேக்கு அடியிலிருந்து ஐந்தாறு துளிர் விடும். ஓராண்டு எல்லாவற்றையும் வளரவிட்டு, இரண்டாம் ஆண்டு மண்ணை ஒட்டிக் கிளம்பிய நல்ல துளிர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழியுங்கள். வேர் பழையது என்பதால் நட்ட கன்றைவிட வேகமாக எழும். வெயில் தரையை எட்டாத இடத்தில் அது நோஞ்சானாகத்தான் வரும். அங்கே துளிரைக் கழித்துவிட்டு, நிழல் தாங்கும் நாவலை ஊன்றுங்கள். 2011இல் மொட்டையாகத் திறந்துகிடந்த எங்கள் கிழக்கோரத்திலும் நாவல் வைத்தோம்; அவை இப்போது வேலிக் கிளுவையைத் தொட்டுவிட்டன. போன மார்கழியில் அந்தப் பக்கமிருந்து விசில் கேட்டது.